கொடிப்பந்தலும் தோட்டத்துக் குடிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் கொடி படர்ந்த நிழலிடமோ, தனியே உட்கார ஒரு மறைவிடமோ அமைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. வேறு அளவு குறிப்பிடாத இடங்களில் எல்லாம், நான்கு பேர் உட்காரக்கூடிய 8 × 8 அடிப் பந்தலை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

பந்தல் போதுமா, கூரை வேண்டுமா?

மழை பெய்யும்போதும் உள்ளே உட்கார வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு அடர்ந்த கொடியாக இருந்தாலும் மழையைத் தடுக்காது. தூறலைக் கொஞ்ச நேரம் தாங்கும். பெரிய மழை என்றால், வெளியே விட்ட பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். வெயிலுக்கு மட்டும்தான் என்றால் பந்தல் போதும். இரண்டு பக்கம் கொடியைக் கீழே இறக்கிவிட்டால் அதுவே கொடிவீடாகிவிடும். மழைக்கும் ஒதுங்க வேண்டுமானால் கூரை வேய்ந்த குடில்தான் வழி.

ஓலைக் கூரை மேலேயே கொடியை ஏற்றிவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் காய்ந்தால்தான் ஓலை நிலைக்கும். கொடி மூடிய கூரை காயவே காயாது. ஓலை சீக்கிரம் மக்கிப்போகும். பச்சை வேண்டுமென்றால் குடிலிலிருந்து 2 அடி தள்ளித் தனிச் சட்டம் போட்டு அதில் ஏற்றுங்கள்.

சட்டத்தைப் போட்டுவிட்டு, கொடியைப் பிறகு தேர்ந்தெடுக்கலாமா?

பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன. கொடி எதைப் பிடித்து ஏறும், முதிர்ந்த பிறகு எவ்வளவு கனக்கும் என்ற இரண்டும் தெரிந்தால்தான் கால் எவ்வளவு பருமன், கம்பி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்பதெல்லாம் முடிவாகும்.

திராட்சை, பாஷன் ஃப்ரூட், பீர்க்கு, பாகல், சுரை, கோவை ஆகியவை பற்றுச்சுருளால் ஏறுபவை. அந்தச் சுருள் மெல்லியது. பென்சில் பருமனுக்கு மேற்பட்ட எதையும் அதனால் வளைத்துப் பிடிக்க முடியாது. 4 அங்குலக் காலின் அடியில் பாகலை நட்டுவிட்டு, ஏற மறுக்கிறது என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. பக்கத்திலேயே ஒரு சணல் கயிற்றை மேலிருந்து தொங்கவிட்டால் போதும்.

அவரை, சங்குப்பூ, தன்பெர்ஜியா போன்றவற்றுக்குத் தண்டே சுற்றும். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் கழி இவற்றுக்குத் தோது. வழுவழுப்பான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் சுற்றி ஏறினாலும் கனம் கூடியதும் மொத்தமாகச் சரிந்துவிடும். பைப்பில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி வையுங்கள். கொடி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்து அதே பக்கமாகவே உதவுங்கள். எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் தானே பிரித்துக்கொள்ளும்.

காகிதப்பூ, மல்லிகை, முல்லை, கொடி ரோஜா எல்லாம் உண்மையில் ஏறத் தெரியாதவை. நீண்ட கிளையை அடுத்த செடி மேல் சாய்த்து, அதன்மேல் தொற்றிக்கொண்டு வளரும் வகை. இவற்றை அடிக்கு ஒரு கட்டு போட்டுத்தான் ஏற்ற வேண்டும். முல்லைக்குத் தேரை விட்ட பாரி, கட்டிவிட ஒரு துண்டுக் கயிறும் விட்டுப் போயிருக்கலாம்! ரங்கூன் மல்லி இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் கெட்டிக்காரக் கொடி. இலை உதிர்ந்த பிறகு நிற்கும் காம்படி முள்ளாக மாறிக் கொக்கி போல மாட்டிக்கொள்ளும்.

மிளகு, வெற்றிலை, மணி பிளாண்ட் ஆகியவை ஒட்டுவேரால் பற்றும். சொரசொரப்பான மரமும் ஈரமும் நிழலும் கிடைத்தால் அவையே பார்த்துக்கொள்ளும்.

இனி கனம். ஒரு பருவத்துக் காய்க்கொடிக்கு மூங்கில் வரிச்சும் கயிறும் போதும். காகிதப்பூ, ரங்கூன் மல்லி, திராட்சை மூன்றும் சில ஆண்டுகளில் மணிக்கட்டுப் பருமனுக்கு முற்றும். மழையில் நனைந்தால் கனம் இன்னும் ஏறும். இவற்றுக்கு இரும்பு அல்லது கெட்டியான மரம்தான்.

எந்த இடம் நல்லது?

கொடியின் இலை வெயிலில் இருக்க வேண்டும். இருக்கை மட்டும் நிழலில். மறைவு கிடைக்கிறதே என்று பெரிய மரத்தடியில் பந்தல் போட்டால், கொடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று ஓடுமே தவிர இலையும் கட்டாது, பூவும் எடுக்காது. பூக்கும் கொடிக்கு நாளுக்கு 5 முதல் 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். மரத்தடிதான் கிடைத்தது என்றால் அங்கே குடில் போடுங்கள், அல்லது ஒட்டுவேர்க் கொடிகளை வளருங்கள்.

வெப்பமான பகுதிகளில் மேற்குப் பக்கத்துக்குத்தான் இலைச்சுவர் அவசியம். மாலை வெயில் சாய்வாக, பந்தலுக்குக் கீழே புகுந்து வரும். மேலே எவ்வளவு அடர்த்தி இருந்தாலும் அதைத் தடுக்காது. குளிர்ப் பகுதிகளில் திராட்சை போன்ற இலையுதிர்க்கும் கொடி நல்லது. கோடையில் நிழல் தரும், குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடும்.

உயரமும் அகலமும் எவ்வளவு?

இருவர் உட்கார 5 × 6 அடி, நடுவில் மேசை போட்டு நால்வர் உட்கார 8 × 8. உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சட்டம் 7 அடியில் இருந்தால் போடும் அன்று தாராளமாகத் தெரியும். கொடி வளர்ந்து ஓரடி கீழே தொங்கும்போது தலையில் இடிக்கும். 8 அடி வையுங்கள். கீழே தொங்கும் காய்களுக்கும் முள் உள்ள காகிதப்பூவுக்கும் இன்னும் அரையடி சேர்த்துக்கொள்ளலாம்.

மரக்கால் தரைமட்டத்தில் மட்டும் உளுத்துப்போவது ஏன்?

ஆழத்தில் காற்றுக் குறைவு, மேலே ஈரம் குறைவு. தரையை ஒட்டிய அரையடியில்தான் இரண்டும் தாராளம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வேண்டியதும் அதுதான். சுற்றிலும் சிமெண்டு ஊற்றிவிட்டால் பாதுகாப்பு என்ற நினைப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. மரம் காய்ந்து சுருங்கும், சிமெண்டு சுருங்காது. நடுவில் விழும் இடுக்கில் மழைநீர் இறங்கி, வெளியேற வழியின்றி நிற்கும்.

சிறந்த முறை மரத்தை மண்ணுக்கே கொண்டுபோகாமல் இருப்பது. ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு, அது இறுகும் முன் யு வடிவ இரும்புத் தகட்டைப் பதியுங்கள். மரத்தின் அடி தரையிலிருந்து 2 அங்குலமாவது மேலே நிற்கும்படி 12 மி.மீ. போல்ட் இரண்டு போட்டு முடுக்குங்கள்.

புதைத்தே ஆக வேண்டுமென்றால் 10 அடிக் கால், இரண்டரை அடிக் குழி. அடியில் அரையடி ஜல்லி, அதன்மேல் காலை நிறுத்தி, ஜல்லியும் மண்ணும் கலந்து அரையடிக்கு ஒருமுறை கெட்டிப்படுத்துங்கள். கடைசி அடுக்கைக் காலைச் சுற்றி மேடாக்கி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரித்துவிடுங்கள்.

ஜிஐ பைப் என்றால் 2 அங்குலம். மேல்வாயை மூடாமல் விட்டால் மழைநீர் உள்ளே தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கோடை வெயிலில் காயும் பைப் இளந்தளிரைக் கருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கயிறு சுற்றுவது இதற்கும் உதவும்.

எந்தக் காலாக இருந்தாலும் மூலைக்கு இரண்டு வீதம், 45 டிகிரியில் 2 அடி நீள முட்டுகள் கொடுங்கள். இரும்புத் தகட்டின் மேல் நிற்கும் காலுக்கு இது கட்டாயம். பக்கவாட்டு ஆட்டத்தைத் தகடு தாங்காது. வெறும் சட்டமாக இருக்கும்போது அசையாமல் நிற்பது, இலை மூடியதும் காற்றில் பாய்மரமாகிவிடும்.

மூங்கில் எத்தனை ஆண்டு தாங்கும்?

பக்குவம் செய்யாத மூங்கிலை மண்ணில் நட்டால் ஓரிரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. அதே மூங்கில் மண்ணைத் தொடாமல் இருந்தால் சில ஆண்டுகள் கூடுதலாக வரும். ஆகவே கால் இரும்பிலோ மரத்திலோ, மேல் வரிச்சு மூங்கிலில் என்பதுதான் எங்கள் பரிந்துரை.

3 முதல் 5 வயது மூங்கிலாகப் பாருங்கள். இளமூங்கிலில் மாவுச்சத்து அதிகம். துளைக்கும் வண்டுகள் அதைத் தேடித்தான் வரும். வெட்டிய மூங்கிலின் அடியில் மஞ்சள் நிறத்தில் மாவு மாவாகக் கொட்டிக் கிடந்தால் வண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பக்குவத்துக்கு போராக்ஸ் 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு. இந்தக் கலவை 5 கிலோவை 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கணுக்களின் உள்தடுப்புகளை நீண்ட கம்பியால் துளைத்துவிட்டு, 7 முதல் 10 நாள் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். கையுறை அவசியம். மிஞ்சிய தண்ணீரைச் செடி இருக்கும் மண்ணில் கொட்டாதீர்கள். அந்த அளவு போரான் செடிகளைக் கருக்கிவிடும். இன்னொன்று, இந்த மருந்து தண்ணீரில் கரைவது. நனையும் இடத்தில் மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடும். உலர்ந்த பின் வார்னிஷோ எண்ணெய்ப் பூச்சோ கொடுத்து, ஆண்டுக்கொருமுறை புதுப்பியுங்கள்.

மூங்கிலில் ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். துளையிட்டு போல்ட் போடுங்கள், அதுவும் கணுவுக்குப் பக்கத்தில். மேல் நுனியைக் கணுவை ஒட்டி மேலே வெட்டுங்கள். கணுவுக்கு மேல் நாலு அங்குலம் விட்டால், அது கொசு முட்டையிட ஒரு கிண்ணம்.

கம்பி எவ்வளவு இடைவெளியில்?

பற்றுச்சுருள் கொடிக்கு ஓரடிக் கட்டம், 14 கேஜ் ஜிஐ கம்பி (சுமார் 2 மி.மீ.). கனத்த கொடிக்கு ஒன்றரை அடிக் கட்டம், 12 கேஜ் (சுமார் 2.6 மி.மீ.). ஒவ்வொரு நீளக் கம்பியின் ஒரு முனையிலும் டர்ன்பக்கிள் (கம்பியைத் திருகி இறுக்கும் கருவி) வையுங்கள். கம்பி தொய்ந்தால் பள்ளத்தில் சருகு சேரும், சருகில் ஈரம் சேரும், அங்கேயே தண்டு அழுகத் தொடங்கும். நெருங்கிய பிளாஸ்டிக் வலை வேண்டாம். முதிர்ந்த தண்டைக் கவாத்து செய்யும்போது பிரித்தெடுக்க முடியாது, அணிலும் பறவையும் சிக்கும்.

காய்ந்த காலுக்குப் பதில் உயிருள்ள மரத்தையே காலாக வைக்கலாமா?

வைக்கலாம், பொறுமை இருந்தால். பூவரசு, கிளுவை, கிளிசரிடியா, கல்யாண முருங்கை ஆகியவை போத்து (வெட்டிய தடித்த கிளை) நட்டால் வேர்விடும். மணிக்கட்டுப் பருமனில் ஒன்பதரை அடிப் போத்தாக வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, மழை தொடங்கும்போது ஒன்றரை அடி ஆழத்தில் நடுங்கள். மேல்வெட்டில் களிமண் அப்பிவிட்டால் நுனி காயாது. முதல் ஆண்டு முழுவதும் பக்கத்தில் மூங்கில் சட்டம்தான் கொடியைத் தாங்க வேண்டும். வேர் பிடிக்கும் முன் பாரம் ஏற்றினால் போத்து ஆடி, புதுவேர் அறுந்து பட்டுப்போகும்.

கல்யாண முருங்கையை மட்டும் யோசித்து நடுங்கள். அதன் இலையிலும் தளிரிலும் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் சிறு குளவி ஒன்று 2000-களில் ஆசியா முழுவதும் பரவி ஏராளமான மரங்களைக் கெடுத்தது.

உயிர்க்காலில் கம்பியை இறுக்கிக் கட்டக் கூடாது. மரம் பருத்து அதை விழுங்கிவிடும். பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் கம்பியை நுழைத்துத் தளர்வாக வளையம் போடுங்கள். குளிர்ப் பகுதிகளில் இதே வேலைக்கு வில்லோ குச்சிகளை இலையற்ற பருவத்தில் நடுகிறார்கள். அதன் வேர் தண்ணீரைத் தேடி நெடுந்தூரம் ஓடும். கழிவுநீர்க் குழாயிலிருந்து 30 அடியாவது தள்ளி நடுங்கள்.

கொடியை எப்படி நட்டு, எப்படி மேலே ஏற்றுவது?

காலை ஒட்டி நடாதீர்கள். அங்கே கெட்டிப்படுத்திய மண்ணும் ஜல்லியும் சிமெண்டும்தான் இருக்கும். ஓரடி தள்ளி, ஒன்றரை அடிக் கனசதுரக் குழி. எடுத்த மண் 2 பங்கு, மக்கிய எரு 1 பங்கு. செடியைக் காலின் பக்கமாகச் சற்றே சாய்த்து வையுங்கள்.

இரண்டு அல்லது மூன்று தண்டுகளை மட்டும் விட்டு, மேல்சட்டம் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். மேலே போய் ஓரடி தாண்டியதும் நுனியைக் கிள்ளுங்கள். அதுவரை நுனி அடக்கிவைத்திருந்த பக்க மொட்டுகள் எல்லாம் கிளம்பும். அவற்றைக் கை விரித்ததுபோல் நான்கு திசைக்கும் பிரித்துக் கட்டுங்கள். கட்டு 8 வடிவில் இருக்கட்டும், ஒரு வளையம் கம்பிக்கு, இன்னொன்று தண்டுக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டுகளையும் பாருங்கள். கட்டுக்கு மேலே தண்டு வீங்கியிருந்தால் கழுத்து நெரிபடுகிறது என்று பொருள்.

நிழல் எப்போது கிடைக்கும்?

அவரை, சுரை என்றால் இரண்டரை மாதம். ரங்கூன் மல்லிக்கு ஓரிரண்டு ஆண்டு, திராட்சைக்கு மூன்று. முதல் இரண்டு பருவத்துக்குக் காய்க்கொடியையும் நிரந்தரக் கொடியையும் எதிரெதிர்க் காலில் நடலாம். ஒரே காலில் வேண்டாம், சுரை மற்றதை மூடிவிடும்.

பச்சையும் பூவும் மேலேதான். உட்கார்ந்து பார்த்தால் வெறும் குச்சி. என்ன செய்வது?

இது பக்கத்து மாடிக்காரருக்குப் பூந்தோட்டம் போட்டுக் கொடுத்த கதை. தண்டு செங்குத்தாக ஏறினால் வளர்ச்சி முழுவதும் நுனிக்கே போகும். ஆரம்பத்திலேயே காலைச் சுற்றிச் சாய்வாக ஏற்றினால் வழிநெடுகக் கிளை வெடிக்கும். ஏற்கெனவே மொட்டையாகிவிட்டதென்றால், பூப்பு முடிந்ததும் மூன்று தண்டில் ஒன்றை மட்டும் முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். புதுத்தளிர் கீழிருந்து வரும். அடுத்த ஆண்டு அடுத்த தண்டு. மூன்றையும் ஒரே நாளில் வெட்டினால் ஒரு பருவம் முழுக்க நிழலே இருக்காது.

எவ்வளவு அடர்த்தி சரி?

உச்சி வெயிலில் தரையைப் பாருங்கள். 8 அடி உயரத்தில் உள்ள சிறு இடுக்கு வழியாக விழும் ஒளிப்பொட்டு, இடுக்கின் வடிவத்தில் இருக்காது. வட்டமாக, சுமார் 2 செ.மீ. அகலத்தில் விழும். அது சூரியனின் பிம்பம். கிரகணத்தின்போது அதே பொட்டுகள் பிறை பிறையாக மாறும். தரையில் இந்தக் காசு அளவுப் பொட்டுகள் இறைந்து கிடந்தால் அடர்த்தி சரி. பெரிய, கோணல்மாணலான வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்துக்குக் கிளையை இழுத்துக் கட்டுங்கள். பொட்டே இல்லையென்றால் மேலே ஏணி போட்டுப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. இலை மேலே ஒரு படலம் மட்டும் இருக்கும், அதன் கீழே ஓரடிக்குக் காய்ந்த குச்சிகள். மாவுப்பூச்சி, எலி, பூஞ்சை எல்லாம் குடியேறுவது இங்கேதான். ஆண்டுக்கொருமுறை காய்ந்தவற்றை முழுக்கவும், முற்றிய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கையும் எடுத்துவிடுங்கள்.

மறைவு வேண்டும், ஆனால் புழுக்கம் கூடாது. முடியுமா?

நான்கு பக்கமும் இலைச்சுவர் எழுப்பினால் கிடைப்பது தனிமை அல்ல, வியர்வை. உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து சுமார் 4 அடியில் இருக்கும். உங்களைப் பார்க்கக்கூடிய பாதையோ ஜன்னலோ எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும், தரையிலிருந்து ஓரடி விட்டு ஐந்தரை அடி வரை இலை போதும். கீழும் மேலும் திறந்திருந்தால் காற்று ஓடும். வாசலுக்குப் போகும் நடையை 6, 7 அடிக்கு முன்பே ஒரு திருப்பம் திருப்பி, திருப்பத்தில் ஒரு புதரை வைத்துவிட்டால் இருக்கை வெளியே தெரியாது. இரண்டாம் சுவரே தேவைப்படாது.

சத்தத்தைப் பொறுத்தவரை ஏமாற வேண்டாம். ஓர் அடுக்கு இலை சாலைச் சத்தத்தைத் தடுக்காது.

தரையும் இருக்கையும்?

மேல்மண்ணை 4 அங்குலம் எடுத்து, இறுக்கி, மேலே 3 அங்குலத்துக்குச் சிறு ஜல்லி. 50 அங்குலத்துக்கு ஓரங்குலம் என்ற வாட்டம் கொடுங்கள். உதிரும் பூவும் இலையும் சிமெண்டுத் தரையில் ஈரத்தோடு கிடந்தால் வழுக்கும், கறையும் படியும். இருக்கை 17 அங்குல உயரம், அதே அளவு ஆழம், முதுகு லேசாகச் சாய்ந்து. இருக்கையின் பின்புறம் கொடிக்கு ஓர் அடியாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு நேராக உங்கள் தோளுக்கு வரும்.

பாம்பு, கொசு, குளவி வருமா?

பாம்பு பூவாசத்துக்கு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வரும். கீழே ஒன்றரை அடி உயரத்துக்கு அடர்ந்த புதரும், குவித்த சருகும், அடுக்கிய கல்லும் இல்லாமல் வைத்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கும். கொசுவுக்கு, தண்ணீர் தேங்கும் இடத்தை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காலியாக்குங்கள். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள்தான் ஆகும். குளவி திறந்த மூங்கில் வாயில் கூடு கட்டும். மாதம் ஒருமுறை வரிச்சுகளைக் கீழிருந்து பார்த்துவிட்டுத்தான் கவாத்துக் கத்தரியை எடுக்க வேண்டும்.

எந்தக் கொடியைத் தவிர்ப்பது?

குழந்தைகள் வரும் இடத்தில் குன்றிமணி கூடவே கூடாது. அதன் விதை கொடிய நஞ்சு. செங்காந்தள் பார்க்க அழகு, கிழங்கு நஞ்சு. விஸ்டேரியாவின் விதையும் நஞ்சுதான். அலமாண்டாவின் பால் தோலில் எரிச்சல் தரும். பூனைக்காலியின் காய்ச் சுணை காற்றில் பறந்தாலே போதும், தோல் அரிக்கும். நஞ்சில்லாவிட்டாலும் தன்பெர்ஜியா கிராண்டிஃப்ளோராவைக் காட்டோரத் தோட்டங்களில் நடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் மழைக்காடுகளில் மரங்களை மூடி அழிக்கும் களையாக அது பரவியிருக்கிறது.

புயல் எச்சரிக்கை வந்தால்?

மேல்வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கை, குறிப்பாக நீண்டு ஆடும் புதுக்கிளைகளை வெட்டி இறக்குங்கள். தொங்கும் தொட்டிகளைக் கீழே வையுங்கள். விழுந்துவிட்டால் கொடியை அடியோடு வெட்ட அவசரப்பட வேண்டாம். வேர் மண்ணில் இருக்கும்வரை, சட்டத்தோடு சேர்த்துத் தூக்கி முட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

கொடி நன்றாக இருக்கிறது, கால்கள் உளுத்துவிட்டன. கொடியை இழக்காமல் மாற்ற முடியுமா?

முடியும், ஒரு நேரத்தில் ஒரு கால் என்றால். பூப்பு முடிந்ததும் மேல்கிளைகளைக் குறைத்து, முதன்மைத் தண்டுகளையும் ஓரிரண்டடிக் கிளைகளையும் மட்டும் விடுங்கள். மாற்ற வேண்டிய காலின் இருபுறமும், புதுக்கால் வரும் இடத்தை விட்டுத் தள்ளி, உத்தரத்துக்குக் கீழே இரண்டு முட்டுக்கழிகளை நிறுத்துங்கள். தண்டைக் காலிலிருந்து கட்டவிழ்த்துக் கழியில் கட்டிவிட்டு, பழைய காலைத் தரைமட்டத்தில் அறுங்கள். அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள், கொடியின் வேர் அதைச் சுற்றித்தான் இருக்கும். புதுக்கால் அதே குழியில் வேண்டாம். உத்தரத்தின் வரிசையிலேயே ஓரடி உள்ளே, கொடி நட்ட இடத்துக்கு மறுபக்கமாகத் தோண்டுங்கள். கான்கிரீட் போட்டால் ஒரு வாரம் கழித்தே பாரம் ஏற்றி, அதன் பிறகு அடுத்த காலுக்குப் போங்கள். நான்கும் மாறும்வரை மேல் வரிச்சைத் தொட வேண்டாம். கொடியின் கனம் முழுவதும் அதில்தான் நிற்கிறது.